பூச்சிகளுக்குத் தலைக்கு ஊற்றிய வெள்ளிக்கிழமை

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை ஓடைக்கரையில் இருந்தவர்கள் இவர்கள்தான்: நான், என் வீட்டுக்காரர், என் நாத்தனார், கோயம்புத்தூரிலிருந்து வந்த ஏஜென்ட் தம்பி, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு மலைக்காரர். மனிதர்கள் ஐந்து பேர். கூடைக்குள் எங்கள் பழுப்பு நிறப் பெட்டைக்கோழி ஒன்று. ஆடுகளும் இருந்தன. அவை நகர்ந்துகொண்டே இருந்ததால் ஒருமுறை எண்ணியபோது ஒன்பது வந்தது, இன்னொருமுறை பதினொன்று வந்தது. இவ்வளவு சரியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பின்னாளில் யாரும் "நான் அங்க இல்லவே இல்லயே" என்று சொல்லிவிடக் கூடாது. பணம் சம்பந்தப்பட்ட விஷயம்.

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம் வரும். கேஸ் அடுப்பை அணைத்தோமா இல்லையா என்று நினைத்து சங்கராபுரம் பஸ்ஸிலிருந்து பாதி வழியில் இறங்கி, ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்திருக்கிறேன். வந்து பார்த்தால் முந்தின நாளே சிலிண்டர் தீர்ந்துபோயிருந்தது. எட்டாவது படிக்கும்போது காலாண்டுப் பரீட்சைக்குப் போகிற வழியில், படித்ததெல்லாம் மறந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்து திரும்பி வந்தேன். மறுநாள், நேற்று ஏன் வரவில்லை என்று கேட்பார்களே என்று பயந்து போகவில்லை. அதற்கடுத்த நாள் இரண்டு நாளைக்குச் சேர்த்துக் கேட்பார்கள். இப்படியே என் படிப்பு முடிந்தது.

பயம் வந்தால் என் கை தானாக வகிட்டுக்குப் போகும். உச்சியிலிருந்து பின்னல் வரைக்கும் ஒரு தடவு தடவிக்கொண்டால் கொஞ்சம் தேவலை என்று இருக்கும். சின்ன வயதிலிருந்தே இந்தப் பழக்கம் உண்டு. இதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை, அந்த வருஷம் வரைக்கும்.

அப்போது நான் கள்ளக்குறிச்சியில் ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில் புடவைக்குக் குச்சு கட்டிக்கொண்டிருந்தேன். முந்தானை ஓரத்து நூலைப் பிரித்து, முறுக்கி, பட்டு நூல் சுற்றி, முடிச்சுப் போட்டுக் குஞ்சம் தொங்கவிடுகிற வேலை. அங்கேதான் அந்த ஏஜென்ட் தம்பி வந்தார். சட்டைப் பையிலிருந்து மாத்திரை டப்பா போல ஒன்றை எடுத்துத் திறந்து என் எதிரே வைத்தார். உள்ளே பஞ்சின் மேல் கறுப்பாக ஏதோ ஒன்று கிடந்தது.

"இன்னாங்க இது, செத்த கொசுவா?"

"இல்லீங்க்கா. பூச்சி மாதிரி கட்டுனதுங்க. டிரவுட்டுனு ஒரு மீனுங்க. ஊட்டிப் பக்கம் குளுந்த தண்ணியில இருக்குமுங்க. வெளிநாட்டுலயும் இருக்குது. அதப் புடிக்கறதுக்குங்க."

"அது இத தின்னுமா?"

"திங்கலாம்னு நெனச்சு வாயத் தொறக்குமுங்க. அது போதுமுங்க."

கிட்டே வைத்துப் பார்த்தேன். அரிசி முனை அளவுக்கு ஒரு தூண்டில் முள். அதில் நூல் சுற்றி வயிறு, வயிற்றின் மேல் தலைமுடியை விடச் சன்னமாகச் செப்புக் கம்பி, கழுத்தில் கோழித் தூவியை இரண்டே சுற்றுச் சுற்றிக் கால்கள். இவ்வளவும் அந்த அரிசி முனையில். இந்த முள்ளுக்கு நம்பர் இருபது என்றார். நம்பர் ஏற ஏற முள் சிறுக்குமாம். அதுவே எனக்குக் கவலையாகிவிட்டது. இப்படித் தலைகீழாக எண்ணுகிற ஆட்களோடு எப்படிக் கணக்கு வைத்துக்கொள்வது?

பூச்சியில் இரண்டு ஜாதி இருக்கிறதாம். ஒன்று தண்ணீர் மேல் மிதக்கிறது, மற்றது முங்குகிறது. மிதக்கிறதற்குச் சேவல் தூவி, விறைப்பாக இருக்கும். முங்குகிறதற்குப் பெட்டைத் தூவி, மெத்தென்று தண்ணீரைக் குடித்துக்கொண்டு இறங்கிவிடும். எனக்கு வந்தது முங்கு பூச்சி ஆர்டர். முதலில் பன்னிரண்டு டஜன் கட்டித் தர வேண்டும். டஜன் எழுபத்தைந்து ரூபாய். ஓடுகிற தண்ணீரில் போட்டுப் பார்ப்பார். முங்கினால் மாதாமாதம் வேலை. மிதந்தால் கும்பிடு போட்டுவிட்டுப் போய்விடுவார்.

என் வாழ்நாளில் நான் ஒரே ஒரு தைரியமான காரியம் செய்திருக்கிறேன். அன்றைக்குச் சாயந்திரம் குச்சுக்கடை அம்மாவிடம் போய், "நாளயிலேர்ந்து நான் வரலீங்க, எனக்கு வேற வேல வந்துடுச்சு" என்று சொன்னேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று தெரியவில்லை. மத்தியானம் சரியாகச் சாப்பிடாததால் இருக்கலாம்.

அந்த அம்மா கண்ணாடியை இறக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். "கொசு கட்டப் போறியாமே? போ போ. பத்து நாள்ல இதே படிக்கட்டுல வந்து நிப்ப. அப்ப பாத்துக்கறேன்."

அந்தப் படிக்கட்டு பதினேழு படி. அடுத்த பத்து நாளும் நான் அந்தப் படிகளில் ஏறிக்கொண்டே இருந்தேன், மனசுக்குள்.

நூறு பூச்சியை நான் கட்டுவது, மீதி நாற்பத்து நான்கை நாத்தனார் கட்டுவது என்று பேச்சு. அவள் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறாள். என்னை விடப் பத்து வயது சின்னவள். எதற்கும் கவலைப்பட மாட்டாள், அவள் பங்குக்கும் நானே பட்டுவிடுவதால். தூவிக்கு எங்கள் பழுப்புப் பெட்டைக்கோழி இருந்தது. கொல்லையில் அது உதிர்த்ததையெல்லாம் பொறுக்கினேன். போதாதபோது மடியில் வைத்து, கழுத்தைத் தடவிக்கொண்டே, அது கண் சொக்குகிற நேரம் பார்த்து ஒன்று இரண்டு பிடுங்கினேன். மூன்றாம் நாளிலிருந்து என்னைக் கண்டாலே கோழி மதில் மேல் ஏறிக்கொண்டது. செப்புக் கம்பி பழைய மிக்சி மோட்டாரிலிருந்து வந்தது.

முள்ளைக் கவ்விப் பிடிக்கிற சின்னக் கிடுக்கி இரண்டை ஏஜென்ட் தம்பி கொடுத்திருந்தார். அவற்றைத் தையல் மெஷின் பலகையில் முடுக்கிவிட்டு, எதிரும் புதிருமாக உட்கார்ந்து கட்டுவோம். ஃபேன் போடக் கூடாது. தும்மக் கூடாது. முதல் நாள் என் வீட்டுக்காரர் கொட்டாவி விட்டதில் பதினோரு தூவி காணாமல் போனது.

"அண்ணி, மூச்சு வுடாதீங்க, தூவி பறக்குது."

"மூச்சு வுடாம எப்பிடிடி?"

"அடுத்த முடிச்சுக்கு வுட்டுக்கலாம்."

முடிச்சு எனக்குச் சுலபமாக வந்தது. பத்து வருஷம் முந்தானையில் போட்ட கை. கவலைதான் பெரிதாக இருந்தது. முள் ஒன்று குறைந்தாலும் அது சாம்பாரில் விழுந்திருக்கும் என்று நினைப்பேன். வீட்டுக்காரர் இருமினால் போதும், வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்ப்பேன். அவர் கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு இறக்குகிற குட்டியானை வண்டி ஓட்டுகிறார். காலையில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது மனைவி ஓடிவந்து தொண்டைக்குள் டார்ச் அடித்தால் எந்த மனிதருக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருக்கும்.

ஏஜென்ட் தம்பி ஞாயிற்றுக்கிழமை வருகிறதாகப் பேச்சு. வெள்ளிக்கிழமை காலையில் நூற்று நாற்பத்து நான்கும் முடிந்தது. மனசு கேட்காமல் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் எடுத்துவைத்து, நான் கட்டியதில் ஒன்றைப் போட்டேன்.

மிதந்தது.

விரலால் அமுக்கினேன். உள்ளே போய், மேலே வந்து, மறுபடி மிதந்தது. இன்னொன்றைப் போட்டேன். அதுவும் மிதந்தது. பத்துப் போட்டேன். பத்தும் சொம்பில் வட்டமாகச் சேர்ந்து, ஊர்ப் பஞ்சாயத்து போலக் கூடி மிதந்தன.  அந்தப் பதினேழு படியும் கண் முன்னால் தெரிந்தது. ஒவ்வொரு படியிலும் குச்சுக்கடை அம்மா நின்றுகொண்டிருந்தார்கள்.

நாத்தனார் பல் தேய்த்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தாள். தான் கட்டியதில் ஒன்றைக் கொண்டுவந்து போட்டாள். அது கல் போல நேரே அடிக்குப் போய் உட்கார்ந்தது.

அதே முள், அதே நூல், அதே கோழி.

"இன்னாடி இது? நீ இன்னா பண்ண?"

"நான் ஒன்னும் பண்ணல. நீங்க இன்னா பண்ணீங்க?"

சத்தம் கேட்டு வீட்டுக்காரர் வந்தார். சொம்பைத் தூக்கி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். "தங்கச்சி கட்டுனது எட கட்டி நிக்குது. நீ கட்டுனதுல எட கம்மி."

"எட இன்னாங்க எட? ரெண்டும் ஒரே முள்ளு!"

"அப்ப ஒன் கையே லேசான கையி போல." தன்னால் முடிந்த ஆறுதலைச் சொல்லிவிட்டு அவர் டீக்கடைக்குப் போய்விட்டார்.

நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உச்சியிலிருந்து பின்னல் வரைக்கும் தடவினேன். மறுபடி தடவினேன். நாத்தனார் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்தாள்.

"அண்ணி, கையக் காட்டுங்க."

காட்டினேன். என் விரல்கள் பளபளவென்று இருந்தன. அவள் என் ஆள்காட்டி விரலைப் பிடித்துச் சொம்புத் தண்ணீரில் வைத்தாள். விரலைச் சுற்றி வானவில் நிறத்தில் ஒரு வட்டம் விரிந்தது.

"எவ்ளோ எண்ண வெச்சிருக்கீங்க தலையில?"

"எப்பவும் வெக்கிறதுதான். தேங்காண்ண, கொஞ்சம் வெளக்கெண்ண. தல சூடு ஜாஸ்தி ஆயிடக் கூடாது பாரு, கவலப்படறவளுக்கு."

"ஒரு முடிச்சுக்கு மூணு வாட்டி தலயத் தடவிக்கினு, அதே கையால தூவியச் சுத்துறீங்க. ஒங்க தலயில இருக்கிற எண்ண பூராவும் பூச்சி மேல இருக்குது. அப்புறம் எங்கேர்ந்து முங்கும்?" அவள் தலைக்கு எண்ணெய் வைப்பதே இல்லை. ஷாம்பு போட்டு விரித்துவிட்டுக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போகிறாள் என்று நானே நூறு தடவை திட்டியிருக்கிறேன்.

நூறு பூச்சி. மறுபடி கட்ட நாளும் இல்லை, தூவியும் இல்லை. கோழி மதில் மேலிருந்து இறங்குவதாகவும் இல்லை.

நாத்தனார் வாய் கொப்பளித்துவிட்டு வந்தாள். "எண்ண தானே அண்ணி? எண்ண தேச்சா இன்னா பண்ணுவோம்?"

"தலைக்கு ஊத்துவோம்."

"இன்னிக்கி இன்னா கெழம?"

"வெள்ளி."

"எல்லாம் பெட்ட கோழித் தூவி. பொம்பளைங்க தலைக்கு ஊத்துற நாளு. பொருத்தம் சரியா இருக்குது, எழுந்திரிங்க."

மலையிலிருந்து கிழங்கு மூட்டையோடு வீட்டுக்காரர் கொண்டுவருகிற சீயக்காய் வீட்டில் எப்போதும் இருக்கும். அரைத்து வைத்திருந்த தூளை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்தோம். பூச்சிகளை டீ வடிகட்டியில் டஜன் டஜனாகப் போட்டு, கரைசலில் முக்கி, மெதுவாக ஆட்டினோம். சூடு ஜாஸ்தியானால் நூல் சுருங்குமோ என்று எனக்குப் பயம். கை தலைக்குப் போனது. நாத்தனார் கரண்டியால் மணிக்கட்டில் ஒன்று போட்டாள். பிறகு என் தலையில் ஒரு துண்டை இழுத்துக் கட்டி, கழுத்துக்குப் பின்னால் முடிச்சுப் போட்டுவிட்டாள். அவள் போட்ட முடிச்சு ராத்திரி படுக்கும் வரைக்கும் அவிழவில்லை.

அலசி எடுத்த பூச்சிகளை எங்கே காயவைப்பது? தட்டில் வைத்தால் காற்று கொண்டுபோய்விடும். வீட்டுக்காரரின் பழைய ரப்பர் செருப்பு ஜோடியை நன்றாகக் கழுவி, அதன் மேல் வரிசை வரிசையாக முள்ளைக் குத்தி, வாசலில் வெயிலில் வைத்தோம். கழுவாத நாற்பத்து நான்கையும் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று கழுவிவிட்டோம். ஒரு செருப்புக்கு எழுபத்திரண்டு. பார்ப்பதற்குச் செருப்புக்கு மீசை முளைத்த மாதிரி இருந்தது.

கொஞ்ச நேரத்தில் நாத்தனார் ஒரு கரண்டியில் நெருப்புத் தணலும் சாம்பிராணியும் கொண்டுவந்தாள்.

"இது இன்னாத்துக்குடி?"

"தலைக்கு ஊத்துனா சாம்பிராணி போட வேணாமா? சளி புடிச்சிக்கும்."

விளையாட்டுக்குத்தான் செய்தாள். ஆனால் ஈரம் சீக்கிரம் காயும் என்று எனக்கும் தோன்றியது. செருப்பின் மேல் கூடையைக் கவிழ்த்து, புகையை உள்ளே விட்டோம். எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று, நாங்கள் ஒரு ஜோடி ரப்பர் செருப்புக்குச் சாம்பிராணி போடுவதைப் பார்த்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அப்போது பார்த்து வீட்டுக்காரர் குளித்துவிட்டு, தோளில் துண்டோடு வாசலுக்கு வந்தார். கூடையைத் தூக்கினார். செருப்பைப் பார்த்தார். காலை நீட்டினார்.

நானும் நாத்தனாரும் சேர்ந்து போட்ட கூச்சலில் அவர் தடுமாறி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். கால் தப்பியது. துண்டு மட்டும் செருப்பின் மேல் விழுந்து எழுந்தது. காய்ந்ததும் எண்ணினேன். நூற்று நாற்பத்து மூன்று. மறுபடி எண்ணினேன். நூற்று நாற்பத்து மூன்று. அவருடைய உள்ளங்காலைப் பார்த்தேன், வாயில் டார்ச் அடித்தேன். எங்கேயும் இல்லை.

"நான் ஏன்டி செருப்ப திங்கப் போறேன்?" என்றார்.

சனிக்கிழமை முழுவதும் நான் சொம்பில் போட்டுப் பார்க்கவில்லை. போட்டால் தெரிந்துவிடுமே. தெரியாமல் இருப்பதில் ஒரு நாள் நிம்மதி.

ஞாயிற்றுக்கிழமை குட்டியானையில் கிளம்பினோம். முன்னால் வீட்டுக்காரரும் ஏஜென்ட் தம்பியும், பின்னால் நானும் நாத்தனாரும் கூடையில் கோழியும். தூவி கொடுக்கிற கோழியைக் காட்டச் சொல்லி ஏஜென்ட் தம்பி கேட்டிருந்தார். கோழி என் பக்கம் பார்க்காமல் வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்தது. கச்சிராயபாளையம் தாண்டி, வெள்ளிமலைக்கு ஏறுகிற பாதையில், ஓடை ஒன்று ரோட்டோரம் இறங்கிவருகிற இடத்தில் வண்டியை நிறுத்தினார்கள். அங்கேதான் அந்த ஆட்டுக்காரர் பாறையில் உட்கார்ந்திருந்தார்.

ஏஜென்ட் தம்பி டப்பாவைத் திறந்தார். மூக்கைக் கிட்டே கொண்டுபோனார். "அக்கா, இது என்னங்க, கோயிலு வாசன அடிக்குது?"

நாத்தனார் ஓடைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

"அது வந்துங்க... கோழி வூட்டுக்குள்ளயே வளந்துதுங்க," என்றேன். எனக்கே புரியவில்லை.

அவர் எண்ணினார். "நூத்தி நாப்பத்தி மூணுதானுங்களே இருக்குது?"

என் கை தலைக்குப் போனது. பாதி வழியில் நாத்தனார் பிடித்துக்கொண்டாள். அந்த நேரத்தில் வீட்டுக்காரர் முகம் துடைக்கத் தோளிலிருந்த துண்டை எடுத்தார். "ஆஆ" என்றார். மூக்கின் நுனியை உரசிக்கொண்டு, துண்டின் ஓரத்தில் தொங்கியது நூற்று நாற்பத்து நான்காவது பூச்சி. முடிச்சைப் பார்த்ததுமே தெரிந்தது, நான் கட்டியது.

"இதா இருக்குது பாருங்க! நான்தான் பத்திரமா வெச்சிருந்தேன்," என்றார்.

"சரிங்க, இதையே போட்டுப் பாத்துருவோம்," என்று ஏஜென்ட் தம்பி அதை வாங்கி, நீளமான மெல்லிய தூண்டில் கோலில் இருந்த நைலான் நரம்பு நுனியில் கட்டினார். அவர் கட்டுவதை நான் பார்த்தேன். இதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். அவர் போட்ட முடிச்சு சரியில்லை. ஒரு சுற்று குறைவு. பத்து வருஷம் முடிச்சுப் போட்டவளுக்குத் தெரியாதா? ஆனால் சொல்ல பயமாக இருந்தது.

கோலை வீசினார். பூச்சி தண்ணீரில் விழுந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அண்ணி! அண்ணி! முங்கிடுச்சு!"

கண்ணைத் திறந்தபோது தண்ணீர் மேல் எதுவும் இல்லை. ஒரு பூச்சியைக் காணவில்லை என்பதற்காக நான் சந்தோஷப்பட்டது அந்த ஒருமுறைதான்.

"இன்னாங்க புடிக்கிறீங்க?" என்று பாறையிலிருந்து ஆட்டுக்காரர் கேட்டார்.

"டிரவுட்டுங்க," என்றார் என் வீட்டுக்காரர், நாலும் தெரிந்தவர் போல.

"இங்க அது இல்லீங்களே."

"இல்லன்னு தெரியுங்க. இருந்தா எப்பிடி இருக்கும்னு பாக்கறோம்."

ஆட்டுக்காரர் தண்ணீரை எட்டிப் பார்த்தார். "மண்புழு குத்துனா கெண்ட கெடைக்கும்," என்றார்.

அவர் சொல்லி வாய் மூடவில்லை, நரம்பு சுண்டியது. ஏஜென்ட் தம்பி கோலைத் தூக்கினார். விரல் நீளத்தில் ஒரு கெண்டை வெள்ளியாக மேலே வந்தது. ஒரு துள்ளல். நரம்பு வெறுமனே காற்றில் ஆடியது. கெண்டை பூச்சியோடு தண்ணீருக்குள் போய்விட்டது.

"ஐயோ, அதுக்கு தொண்டையில குத்துமேங்க!" என்றேன்.

"எதிர்க்கொக்கி இல்லாத முள்ளுங்க்கா. தானா கழண்டுக்கும்," என்றார் ஏஜென்ட் தம்பி. அவருடைய கவனம் வேறு எங்கோ இருந்தது. டப்பாவை மறுபடி மூக்கருகே வைத்து முகர்ந்தார். "போட்ட ஒடனே எடுத்துச்சுங்களே. இந்த வாசனைக்குத்தானோ என்னமோ?"

ஆட்டுக்காரரும் வந்து முகர்ந்து பார்த்தார். கோழிக்கு மட்டும் யாரும் காட்டவில்லை.

நரம்பின் நுனியை நான் வாங்கிப் பார்த்தேன். சுருண்டிருந்தது. அவர் போட்ட முடிச்சு அவிழ்ந்திருக்கிறது. நான் போட்ட முடிச்சு மீனோடு போயிருக்கிறது, அவிழாமல். எங்கேயாவது ஏதாவது தப்பு நடந்தால் அது என்னால்தான் என்று முப்பத்தாறு வருஷமாக நினைத்து வந்தவள் நான். இது என்னால் இல்லை. 

ஏஜென்ட் தம்பி அங்கேயே அடுத்த மாதத்துக்கு இருபத்தைந்து டஜன் சொன்னார். "அந்தப் புகையையும் மறக்காமப் போட்டுருங்க்கா," என்றார். வீட்டில் சாம்பிராணி எவ்வளவு இருக்கிறது என்று உடனே எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. ஆனாலும் அந்தப் பதினேழு படியில் அதற்குப் பிறகு நான் ஏறவில்லை. குச்சுக்கடை அம்மாவைப் போன வாரம் மார்க்கெட்டில் பார்த்தேன். "கொசு எப்பிடி இருக்குது?" என்று கேட்டார்கள். "முங்குதுங்க," என்றேன்.

அன்றைக்கு மலையில் சிக்னல் இல்லை. கச்சிராயபாளையத்தில் இறங்கியதும் ஏஜென்ட் தம்பி போனில் பணம் அனுப்பினார். நான் எண்ணூற்றுத் தொண்ணூற்று மூன்று ரூபாய் எழுபத்தைந்து பைசாவைப் பார்த்துவிட்டு, பார்த்தது சரிதானா என்று நாத்தனாரிடம் காட்டினேன். டப்பாவில் இருந்த நூற்று நாற்பத்து மூன்றுக்குத்தான் அனுப்பியிருக்கிறார். கெண்டை கொண்டுபோனதற்கு அனுப்பவில்லை.

"அத வுடுங்க அண்ணி, ஒரு பூச்சி," என்றாள் நாத்தனார்.

ஒரு பூச்சிதான். ஆனால் அவிழ்ந்தது அவர் முடிச்சு. அதற்கப்புறம் எத்தனையோ ஆர்டர் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் கதவைத் திறக்கிறேன். அவர் முகத்தைப் பார்த்ததும் கை தலைக்குப் போகிறது. தலையில் துண்டு கட்டியிருக்கிறது. கேட்காமலே காபி போட்டுக் கொடுத்து அனுப்பிவிடுகிறேன். அன்றைக்கு அங்கே இருந்த ஐந்து பேருக்கும் தெரியும், கோழிக்கும் தெரியும். இன்றைய தேதி வரைக்கும் அவர் தர வேண்டிய பாக்கி ஆறே கால் ரூபாய்.